கைப்பிடி கேட்டோம், மலர்வளையம் வந்தது

கானாவின் கடற்கரையில், அலையோசையும் மீன்புகையும் ஓயாத அன்சோமா நகரின் பல்கலைக்கழகத்தில், முதுமையியல் துறையின் முதல் பேராசிரியராய், முதுகெலும்பாய், மூன்றாம் மாடியின் மூச்சிரைப்பாய் முப்பதாண்டுகள் பணியாற்றி, அறுபது அகவை நிறைந்தார் என்ற ஒரே குற்றத்துக்காக இன்று வீட்டுக்கு அனுப்பப்படும் பேராசிரியர் அராபா எஷுன் அம்மையார் அவர்களின் திருமுன், அத்துறையின் ஆசிரியர்களும் அலுவலர்களும் அன்பையும் ஆத்திரத்தையும் சரிபாதியாய்க் கலந்து வாசித்தளிக்கும் மடல்.

அறிவின் ஆழமே! அன்பின் அகலமே! ஆண்டுக்கணக்கில் அனுமதி கேட்டே அலுத்துப்போன அருந்தவமே!

வணக்கம். மேடையில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களுக்கும், அவர் அருகில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதிவாளர் அவர்களுக்கும் வணக்கம். இந்த மடலை எழுதி வாசிக்கும் பணி, துறையின் விரிவுரையாளன் கொபினா அபாக்காவாகிய என் தலையில் விழுந்தது. சென்ற வாரமே பதிவாளர் அலுவலகத்திலிருந்து மாதிரி ஒன்று அனுப்பினார்கள். போன ஆண்டு ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியருக்கு வாசித்த அதே மடல். "பேர மட்டும் மாத்திட்டு வாசிச்சிருங்க கொபினா, எதுக்கு வீணா மண்டைய ஒடைச்சுக்கிறீங்க?" என்றும் சொல்லியனுப்பினார்கள். பாறைபோல் உறுதியானவரே என்று தொடங்கியது அது. அம்மையே, உங்களைப் பாறை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பாறைக்கு மூட்டு வலிக்காது, மாடி ஏறவும் வேண்டாம். அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, எங்களுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறோம்.

சோளமணியால் பாடம் சொன்ன செம்மலே!

மனிதன் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, முடியும் வரையிலான நெடும்பாதையைப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பாகவே கற்பிக்கலாம் என்று நீங்கள் முதன்முதலில் சொன்னபோது சிரிக்காதவர் யார்? "கெழவன் கெழவியப் பாக்கறதுக்கு ஒரு பட்டமா? அதான் வீட்டுக்கு ஒண்ணு மூலையில கெடக்கே!" என்று ஆட்சிக்குழுவில் ஒருவர் சொல்ல, மேசை அதிரச் சிரித்த மேதைகள் சிலர் இன்றும் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். உங்களுக்குச் சால்வை போர்த்தவும் அவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். நன்றாயிருக்கிறது நியாயம்!

ஆனால் நீங்கள் அசரவில்லை. முதலாண்டு மாணவர்களின் காலணிக்குள் உலர்ந்த சோளமணிகளைப் போட்டீர்கள். காதில் பஞ்சை அடைத்தீர்கள். மூக்குக்கண்ணாடியில் வாசலைனைத் தடவினீர்கள். அந்த முதுமைக் கோலத்தில் வங்கிக்கும் சந்தைக்கும் அனுப்பினீர்கள். ஒருத்தி திரும்பி வந்து குமுறியது துறைக்கே தெரியும். "மேடம், வங்கியில ஒருத்தன் என் மூஞ்சியக்கூடப் பாக்காம, 'ஏ கெழவி, ஓரமா ஒக்காரு'ன்னுட்டான்!" "நீ என்ன சொன்ன?" என்று கேட்டீர்கள். "எனக்கு இருபது வயசுதான்னு சொன்னேன் மேடம், உடனே மன்னிப்புக் கேட்டான்." நீங்கள் அவளைப் பார்த்த பார்வை எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அப்ப இருபதுன்னாதான் மன்னிப்பு, எம்பதுன்னா கெடையாதா? அத ஒத்துக்கிட்டுத்தான வந்திருக்க? பெயில். நாளைக்கு மறுபடி போ." அந்தப் பெண் இன்று எங்களோடு ஆசிரியையாக இருக்கிறாள், இந்த மடலின் கீழ் அவள் கையெழுத்தும் உண்டு.

முதியோரைத் தேர்வாளராக்கிய முதல்வியே!

உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் முதுமையைப் பற்றி முதியவரல்லாதவரே எழுதுவார், முதியவரல்லாதவரே படிப்பார், முதியவரல்லாதவரே மதிப்பெண் போடுவார். இது என்ன கூத்து என்று கேட்டவர் நீங்கள். நம் துறையில் ஒவ்வொரு மாணவரும் ஊரிலுள்ள ஒரு முதியவரை ஓராண்டு முழுவதும் சென்று பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில், வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வில், அந்த முதியவரே தேர்வுக்குழுவில் ஒருவராய் அமர்ந்து கேள்வி கேட்பார். அவர் சரி என்றால்தான் தேர்ச்சி. இப்படி ஒரு வழக்கத்தை நீங்கள் கொண்டுவந்தபோது பட்டம் பெற்றவர்கள் பதறினார்கள், நம் ஊர்க் கடலோரப் பட்டினப்பாக்கத்து மீன்காரிகள் பட்டுடுத்திக்கொண்டு வந்தார்கள்.

நகரப் பேருந்தை ஓட்டி ஓய்ந்த க்வேசி எசல் ஐயாவை மறக்க முடியுமா? அவரைப் பற்றி ஒரு மாணவன் தடித்த ஆய்வேடு ஒன்று எழுதிக்கொண்டு வந்தான். அதைக் கையில் எடை பார்த்துவிட்டு அவர் கேட்டார். "என் மருந்த எழுதிருக்க, என் மூட்டு வலிய எழுதிருக்க, செத்துப்போன என் பொண்டாட்டிய எழுதிருக்க. எதப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும்னு எங்கடா எழுதிருக்க?" பையன் தன் குறிப்பேட்டைப் புரட்டினான். "ஒரு வருஷமா வர்ற. ஒரு தடவகூடவா நான் சிரிக்கல? இல்ல, சிரிச்சப்ப நீ போன நோண்டிக்கிட்டு இருந்தியா?" அவனை மீண்டும் ஆறு மாதம் அலையவிட்டார். அவன் இன்று தலைநகர மருத்துவமனையொன்றில் முதியோர் பிரிவைத் திறம்பட நடத்துகிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அந்த எசல் ஐயாதான்.

படிக்கட்டோடு போராடிய பண்பே!

இனித்தான் நாங்கள் சொல்ல வந்தது. முதுமையியல் துறையை மூன்றாம் மாடியில் வைத்த மூளை யாருடையது? தேர்வுக்கு வரும் தேர்வாளர்களில் எழுபதுக்குக் கீழ் ஒருவரும் இல்லை. மின்தூக்கி இல்லை. இருந்த கைப்பிடியும் துருப்பிடித்து ஒருநாள் தானாகக் கழன்று விழுந்தது, எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசலுக்கு நேரே, ஒரு படியும் ஏற வேண்டாத விசாலமான அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஆட்சிக்குழு உறுப்பினர்கள் வந்தால் இளைப்பாற வேண்டுமாம். அவர்கள் வருவது ஆண்டுக்கு மூன்று தடவை, வந்தாலும் இளைப்பாறும் அளவுக்கு எதுவும் செய்துவிட்டு வருவதில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் அந்த அறையைத் தாருங்கள் என்று பதினோரு ஆண்டுகள் கேட்டீர்கள். துணைவேந்தர்கள் மூவர் மாறினர், பூட்டு மாறவில்லை.

சரி, அறை வேண்டாம், கைப்பிடியாவது வையுங்கள் என்று இறங்கி வந்தீர்கள். அப்போது இன்றைய துணைவேந்தர் அவர்கள் அருளிய பதில் எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். "மாடி ஏறுனா ஒடம்புக்கு நல்லதுதான மேடம்? வயசானவங்க நடக்கணும் நடக்கணும்னு நீங்கதான வானொலியில சொல்றீங்க!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நீங்களும் மரியாதைக்காகச் சிரித்தீர்கள். சிரித்திருக்கக் கூடாது அம்மையே. அந்த இடத்தில் மேசையைத் தட்டியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வியாழக்கிழமை ஒன்றில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் கையை நீட்டி, க்வேசி எசல் ஐயா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்து மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஏறிக்கொண்டிருந்தது மதிப்பெண் போட, அவர் கையில் மாணவியின் ஆய்வேடு இருந்தது.

அப்போது பாருங்கள் பல்கலைக்கழகத்தின் பாசத்தை! ஆளுயர மலர்வளையம் வந்தது. துணைவேந்தரின் கார் வந்தது. பல்கலைக்கழக வாத்தியக்குழு வந்தது. 'எங்கள் மூத்த தேர்வாளர்' என்று இரங்கலுரை வந்தது, அதுவரை அவரைத் தேர்வாளர் என்று எந்தக் கடிதத்திலும் ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதியது. சவ ஊர்வலம் நம் கட்டட வாசலில் நின்று போகுமென்று தெரிந்ததும், அந்தப் படிக்கட்டுச் சுவருக்கு இரவோடிரவாக வெள்ளையடித்தார்கள். கைப்பிடி வைக்கவில்லை. அம்மையே, கைப்பிடி கேட்டோம், மலர்வளையம் வந்தது! குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம் என்று நம் ஃபான்டி மக்கள் சொல்வதை நீங்கள் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? உயிரோடிருக்கும் தாய்க்கு ஒழுகாத கூரை போடாதவன், அவள் செத்தபின் சடலத்தைக் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, துக்கத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று வீட்டுக்கு வண்ணம் பூசுகிறான் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினீர்கள். அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்த பல்கலைக்கழகம் அதையே செய்தது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும்.

பொறுமையின் பூமியே! பொறுத்தது போதாதா?

உங்கள் மேலும் எங்களுக்குக் கோபம் உண்டு. அதை இங்கே மறைத்துப் பேசினால் நாங்கள் உங்கள் மாணவர்கள் இல்லை. எசல் ஐயா இறந்த வாரம், துறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வாசலில் உட்காரலாம் என்று நாங்கள் துடித்தோம். "வேணாம் கொபினா. மொறையா இன்னொரு தடவ கேப்போம். அவங்களும் மனுஷங்கதான" என்றீர்கள். முறையாகக் கேட்டீர்கள். முறையாக மறுத்தார்கள். நேற்றுக்கூட என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்த எழுது. யாரையும் நோகடிச்சுராத, உனக்கு இன்னும் சர்வீஸ் கெடக்கு" என்றீர்கள். உங்கள் வார்த்தையை இதுவரை தட்டியதில்லை. இன்று தட்டுகிறோம். நல்லவர்களாகவே இருந்து நாம் பெற்றது ஒரு சவ ஊர்வலம்தான்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறோம் என்று சபையோர் கேட்கலாம். சொல்கிறோம். சென்ற மாதம் ஆணை ஒன்று வந்திருக்கிறது. 'முதியோரின் பாதுகாப்பைக் கருதி' இனி அவர்கள் தேர்வுக்கு நேரில் வர வேண்டியதில்லையாம். அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, மாணவன் ஒழுங்காக வந்தானா, ஆம் என்றால் ஒன்றை அழுத்துக, இல்லை என்றால் இரண்டை அழுத்துக என்று கேட்டுக்கொள்வார்களாம். அடடா, என்ன கரிசனம்! படிக்கட்டைச் சரிசெய்ய முடியாதவர்கள் மனிதர்களை நீக்கிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை நடக்கும் வாய்மொழித் தேர்வே கடைசி என்றும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். கீழ்த்தள அறை கிடைத்தால் தேர்வாளர்கள் இருப்பார்கள், கிடைக்காவிட்டால் நீங்கள் முப்பதாண்டு வளர்த்தது இந்தப் பருவத்தோடு முடிந்தது. நீங்கள் கேட்ட ஓய்வுப் பரிசும் அந்த அறை ஒன்றுதானே? சுவர்க்கடிகாரம் வேண்டாம், பட்டுத்துணி வேண்டாம், அறையைக் கொடுங்கள் என்றீர்களே! கடிகாரம் இதோ மேசைமேல் பொட்டலமாக இருக்கிறது. அறை இன்றைக்குத்தான் திறந்திருக்கிறது, எதற்கென்றால் விழாவுக்கு வந்த விருந்தினர்களுக்குச் சிற்றுண்டி பரிமாற!

இறவாமலே இரங்கல் பெற்றவரே!

பதாகை விஷயத்துக்கு வருகிறேன். பதிவாளர் அலுவலகம் உங்கள் புகைப்படத்தையும் விழா நாளையும் மீன்சந்தை முனையிலுள்ள அச்சகத்துக்கு அனுப்பி, "வழக்கம்போல போட்டுக் கட்டிருங்க" என்று சொல்லியிருக்கிறது. நம் ஊர் அச்சகத்துக்கு வழக்கம் என்றால் ஒரே வழக்கம்தான், இரங்கல் பதாகை. நீங்கள் மேகங்களுக்கு நடுவே புன்னகைத்தீர்கள். இரு பக்கமும் வெள்ளைப் புறாக்கள் பறந்தன. தலைக்குமேல் 'நிறைவாழ்வின் கொண்டாட்டம்' என்று தங்க எழுத்து. சந்தை முனையிலும் பேருந்து நிலையத்திலும் மூன்று நாள் தொங்கியது, பதிவாளர் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலும் அது தப்பாகப் படவில்லை.

உங்கள் அண்ணன் டக்கோராடியிலிருந்து அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டார். "யாரும்மா பேசறது? எங்க அராபா எப்பப் போனா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே!" என்றார். "அண்ணா, நான் அராபாதான் பேசறேன்" என்றீர்கள். அந்தப் பக்கம் தொலைபேசி கீழே விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. நீங்கள் சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் பட்டினப்பாக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை, நீங்கள் உயிரோடிருப்பதை அங்குள்ள நம் தேர்வாளர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

மடலின் இந்தப் பகுதியை இன்று காலைதான் எழுதினேன், அவசரத்தில் எழுதியது, நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் வாயிற்காவலர் என்னைக் கூப்பிட்டு, "சார், சீக்கிரம் வாங்க, ஒரு கூட்டமே ஒப்பாரி வச்சுக்கிட்டு வருது" என்றார். போய்ப் பார்த்தால் நம் தேர்வாளர்கள் அத்தனை பேரும் லாரி பிடித்து வந்திருக்கிறார்கள். எல்லோர் உடம்பிலும் சிவப்புத் துணி. அவர்களுக்கு முன்னால், ஊரே மரியாதையோடு 'நானா' என்று கூப்பிடும் கருவாட்டு வியாபாரி மூதாட்டி எகுவா ஒட்டூ, தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். நம் துறையில் மிக அதிகமான மாணவர்களைப் பெயிலாக்கிய தேர்வாளர் அவர்.

வாயிற்காவலர் பணிவாகத்தான் சொன்னார். "நானா, பேராசிரியரம்மா நல்லா இருக்காங்க. இது சாவு இல்ல, ரிட்டையர் ஆகுற விழா."

"உசுரோடவா இருக்கா?"

"ஆமா நானா."

நானா எகுவா பந்தல்களைப் பார்த்தார், நாற்காலி வரிசையைப் பார்த்தார், வாத்தியக்காரர்களைப் பார்த்தார். "உசுரோட இருக்கறவளுக்கு எதுக்குடா இவ்வளவு பந்தல்?" என்று கேட்டார். மேடையிலிருக்கும் பெரியவர்களிடம் பதில் இருக்கிறதா?

பிறகு நான் கேட்டேன். "நானா, வயசாகிப் போனவங்களுக்கு வெள்ளையும் கறுப்பும்தான கட்டுவோம்? நீங்க ஏன் செவப்புல வந்தீங்க? அது அகால மரணத்துக்குல்ல?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தன வயசு அவளுக்கு? அறுபது. அறுபதுக்கெல்லாமா வெள்ள கட்டுவாங்க? பச்சப் புள்ளடா அவ! இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டியவ. அதான் வயிறு எரிஞ்சு செவப்ப எடுத்தோம்." சபையோரே, கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் வயதாகிவிட்டது என்று அனுப்பிவைக்கும் அதே பெண்மணியை, வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர்கள் பச்சைப் பிள்ளை என்கிறார்கள்.

அம்மையே, செய்தி கேட்டு மூன்று மாடியும் ஓடி இறங்கி வந்தீர்கள். நானா எகுவா உங்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பயமுறுத்திட்டியேடி" என்று முதுகில் ஓர் அறை வைத்தார். நீங்கள் எல்லோரையும் ஆற்றி, பழச்சாறு கொடுக்கச் சொல்லி, மேடைக்குக் கிளம்பினீர்கள். அவர்கள் லாரி ஏறிப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். போகவில்லை அம்மையே.

வெயிலில் நிற்க வைக்க மனமில்லாமல், படியேறச் சொல்ல வாயுமில்லாமல், திறந்திருந்த ஒரே கதவுக்குள் நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன். கீழ்த்தள அறை. உறை போட்ட நாற்காலிகள், குளிரூட்டி, மேசை நிறையத் தக்காளி போட்ட ஜொலோஃப் சோறும் கோழியும். உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கட்டடப் பராமரிப்பு அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "நானா, இது பெரியவங்க ரூம்பு. கொஞ்சம் வெளிய மரத்தடியில ஒக்காருங்க, சாப்பாடு அனுப்பி வைக்கிறோம்."

"நாங்க எல்லாம் யாரு, சின்னவங்களா?" என்று நானா எகுவா கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கொபினா, இது எந்த ரூம்பு?"

சொன்னேன். பதினோரு ஆண்டுக் கதையையும் சொன்னேன்.

அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நானா எகுவா சுற்றுமுற்றும் பார்த்தார். கதவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாசலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு படியும் இல்லாததைப் பார்த்தார். "இந்தக் கதவத் தெறக்க மனசு வராமத்தானா க்வேசிய மாடியேற வச்சாங்க?" என்றார். முன்னாலிருந்த தட்டைத் தள்ளிவைத்தார். "செத்தவளுக்கு அழ வந்தேன். அவ சாகல, சந்தோஷம். வந்த அழுகைய வீணாக்கிட்டுப் போக மாட்டேன், அதக் கோவமா வச்சுக்கறேன். போடா தம்பி, போயி உங்க பெரியவனக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம்." சொல்லிவிட்டுத் தடியை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாம் மாடியிலிருந்து தேர்வு மேசையையும் கரும்பலகையையும் துறை அலுவலர்கள் சுமந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை காலை மாணவர்கள் அங்கேதான் வருவார்கள். பூட்ட வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர்களை வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

நீடு வாழ வேண்டிய நிறைகுணமே!

நூறாண்டு நோயின்றி வாழ்க என்று முடிப்பது மரபு. எங்களுக்கு அது போதாது. உங்களை ஓய்வுக்குப் பிறகு தேர்வாளராக வரச் சொல்லி நானா எகுவாவிடம் ஒப்புதல் கேட்டேன். "அவளா? அவளுக்கு இன்னும் வயசு பத்தாது. எழுவது ஆகட்டும், பாப்போம்" என்று தட்டிக்கழித்துவிட்டார். ஆகவே அம்மையே, அந்தத் தகுதி வரும்வரை கண்ணும் காலும் கைகொடுக்க வாழுங்கள். வந்தபின் இன்னும் நெடுநாள் வாழ்ந்து, ஒரு படியும் ஏறாமல் நேரே உள்ளே வந்து, எங்கள் மாணவர்களைக் கேள்வி கேட்டுத் திணறடியுங்கள். இந்த மடலை உங்கள் வீட்டுச் சுவருக்கு நாங்கள் தரமாட்டோம். கண்ணாடி போட்டு அந்த அறைக் கதவில் மாட்டப் போகிறோம்.

மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே! நிகழ்ச்சி நிரலில் இந்த மடலுக்கு அடுத்தது சிற்றுண்டி. தாராளமாக வாருங்கள், எங்கள் ஊரில் வந்தவரை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் நீங்களும் ஒரு ஃபான்டித் தாய் பெற்ற பிள்ளை, முறை தெரியும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் கையையும் பற்றி வணக்கம் சொல்ல வேண்டும். நாற்காலிகள் நிறைந்துவிட்டன, அங்கே இருப்பவர்களில் நீங்கள்தான் இளையவர், ஆகவே நிற்க வேண்டும். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடிக்கும்வரை ஒருவரும் பேச மாட்டார்கள். குடித்த பிறகு, வீடு தேடி வந்தவரிடம் வீட்டுக்காரர் கேட்பதுபோல, "சொல்லுங்க தம்பி, என்ன விஷயமா வந்தீங்க?" என்று நானா எகுவா கேட்பார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க, நாங்களும் உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கிறோம்.

இங்ஙனம்,
கோபம் தணியாத,
முதுமையியல் துறையின் ஆசிரியர்கள், அலுவலர்கள்,
கீழ்த்தளம், அன்சோமா.